ஒரு வெற்றிக்கு ஒரு முடிச்சு

மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சலை ஒட்டிய எங்கள் ஊரில் விசைப்படகில் போகிற ஆண்கள் எல்லாரும் அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான். சாயங்காலமானால் மைதானத்தில் பந்து சவட்டுகிறவர்களைவிட ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அதிகம். இந்த வேலை தொடங்கியது அப்படி ஒரு பேச்சில்தான்.

தோற்காமல் தொடர்ந்து விளையாடியதில் யார் பெரியவர் என்று பேச்சு வந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் ஆர்சனல் என்றார்கள். இங்கிலாந்துக் கால்பந்து அணி, 49 லீக் ஆட்டம். நான் எஸ்தர் வெர்கீர், 470 என்றேன். "அது யாருண்ணே?" என்று ஒருவன் கேட்டான். நெதர்லாந்துக்காரர், சக்கர நாற்காலி டென்னிஸ், ஒற்றையரில் பத்து வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வெளியே போனது, அவனும் எடுக்க ஓடிவிட்டான்.

ராத்திரி அது மனதிலேயே நின்றது. 49-ஐயும் 470-ஐயும் வாயால் சொன்னால் இரண்டும் ஒரு மூச்சில் முடிந்துவிடுகின்றன. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறுநாள் காலையில் பாட்டா வாசலில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நைலான் நூல் உருண்டை. சரி, ஒரு வெற்றிக்கு ஒரு முடிச்சு என்று போட்டு கிளப் அறையில் தொங்கவிடுவோம் என்று அப்போதுதான் தோன்றியது.

முதல் நூல் வெர்கீருக்கு. முடிச்சுக்கு முடிச்சு ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்று கணக்கு வைத்து 5 மீட்டர் வெட்டினேன். 165 முடிச்சு தாண்டுவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது. முடிச்சு ஒவ்வொன்றும் தானே 2 சென்டிமீட்டர் நூலைத் தின்கிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு வெற்றிக்கு 3 சென்டிமீட்டர் என்றால் 470-க்கு 14 மீட்டருக்கு மேல் வேண்டும். அதுவும் போட்ட முடிச்சுகளில் பாதி, தொங்கவிட்டதும் இளகிப்போயின. பாட்டா ஒரு முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "மக்கா, நைலானை நனைச்சுட்டு இழுக்கணும். காஞ்ச நூல்ல போட்டா நிக்காது" என்றார். ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

பழைய நூலோடு ஒட்டுப்போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. அவர் ஓட்டம் நடுவில் அறுபடவே இல்லை, அவருக்கான நூலில் ஒட்டு இருக்கக் கூடாது என்று பட்டது.

நூலின் தலைப்பில் சிவப்பு நூல் ஒரு சுற்று. அது 2003 ஜனவரி 30, சிட்னி. ஆஸ்திரேலியாவின் டேனியலா டி டோரோவிடம் அவர் தோற்ற நாள். அதற்குக் கீழே இறங்குகிறதெல்லாம் வெற்றி. பத்துக்கு ஒரு முறை மஞ்சள் நூல் சுற்றினேன், இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறிவிடுகிறது. ஒரு மாலைக்கு 40 முடிச்சு, அதற்கு மேல் போட்டால் ஆள்காட்டி விரல் ஓரம் அறுக்கிறது. நாற்பது வெற்றி என்பது பல பெரிய ஆட்டக்காரர்கள் வாழ்நாளில் தொடாத தொடர்ச்சி. நான் நாற்பது போட்டுவிட்டு எழுந்து டீ குடித்துவிட்டு வருவேன், நூலைப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. அந்தப் பன்னிரண்டு மாலைகளில்தான் 470 எனக்கு உண்மையில் புரிந்தது.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எட்டு வயதில் தண்டுவடத்தை ஒட்டிய ரத்தக்குழாய்க் கோளாறுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு கால்கள் செயல்படவில்லை. சக்கர நாற்காலி டென்னிஸில் வலையும் களமும் மற்ற டென்னிஸின் அதே அளவுதான். பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழலாம் என்பது ஒன்றுதான் பெரிய வித்தியாசம். மட்டையைப் பிடித்த கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். 2000, 2004, 2008, 2012 என்று நான்கு பாராலிம்பிக்கிலும் ஒற்றையர் தங்கம். இந்த நூல் அறுந்திருக்க வேண்டிய ஒரு இடம் உண்டு: 2008 பெய்ஜிங் இறுதி ஆட்டம், எதிரில் சொந்த நாட்டுக்காரர் கோரி ஹோமன். 6-2, 4-6, 7-6. மூன்றாவது செட்டில் ஹோமனுக்கு ஒரு புள்ளி கிடைத்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த முடிச்சின் பக்கத்தில் பச்சை நூல் கட்டியிருக்கிறேன்.

முடித்துவிட்டு எண்ணினால் 473. மூன்று கூடுதல். நனைத்து இறுக்கிய நைலான் முடிச்சை அவிழ்ப்பது போடுவதைவிடப் பெரிய வேலை. கோணி ஊசி முனையால் நெம்பி நெம்பி மூன்றையும் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசி முடிச்சு லண்டன் 2012 இறுதி ஆட்டம், அனீக் வான் கூட்டுக்கு எதிராக 6-0, 6-3. 2013 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். அதனால் இந்த நூலின் அடியில் சிவப்பு கிடையாது. அது சும்மா தொங்குகிறது.

இரண்டாவது நூலை எட்வின் மோசஸுக்கு எடுத்தேன். 400 மீட்டர் தடை ஓட்டம், 122 ஓட்டம் தொடர்ந்து முதலிடம், அதில் 107 இறுதிப் போட்டிகள். அவர் பெயர் ஓரளவு தெரிந்த பெயர்தான். ஆனால் இந்த நூலுக்கு மேலும் கீழும் இரண்டு சிவப்புகள் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மேலே 1977 ஆகஸ்ட் 26, பெர்லின், ஜெர்மனியின் ஹரால்ட் ஷ்மிட். கீழே 1987 ஜூன் 4, மாட்ரிட், அமெரிக்காவின் டேனி ஹாரிஸ். நடுவில் ஒன்பது வருடம் ஒன்பது மாதம் ஒன்பது நாள். மாட்ரிட்டில் தோற்ற அதே வருடம் ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று பேரும் ஒரே இறுதியில் ஓடினார்கள். மோசஸ் 47.46 நொடி. ஹாரிஸ் 47.48. ஷ்மிட் 47.48. நூலின் இரண்டு சிவப்புக்கும் காரணமானவர்கள், இருவரும் நூறில் இரண்டு பங்கு நொடி பின்னால்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மோசஸ் ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவில் 13 எட்டுதான் வைப்பார், பத்துத் தடைக்கும் அதே 13. மற்றவர்கள் களைத்ததும் 14, 15 என்று மாறிவிடுவார்கள். இதைச் செய்து பார்க்காமல் முடிச்சுப் போடக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் டேப் பிடித்து 35 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் செங்கல் வைத்தோம். முதலில் அண்ணன் ஓடினான். 17 எட்டு. ஊரிலேயே வேகமான விங் ஆட்டக்காரப் பையன் ஓடினான், 16. அப்புறம் 13-தான் வைக்க வேண்டும் என்று சொல்லி ஓடச் சொன்னேன். மான் மாதிரித் தாவித் தாவி ஒரு தடவை முடித்தான், ஆனால் வேகம் முழுக்கப் போய்விட்டது, தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாங்கள் தடை எதுவும் வைக்கவில்லை. மோசஸ் தாண்டியது 91.4 சென்டிமீட்டர் உயரத் தடைகள். எங்கள் செங்கல்லின் பக்கத்தில் டேப்பைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டினேன். பையனுக்கு இடுப்பு வரை வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை நடுவில் இந்திய ஹாக்கி நூல். இங்கேதான் என் முறையே தவறு என்று தெரிந்தது. ஒலிம்பிக்கில் இந்தியா தொடர்ந்து வென்ற ஆட்டங்கள் 30. 1928-இல் 5, 1932-இல் 2, 1936-இல் 5, 1948-இல் 5, 1952-இல் 3, 1956-இல் 5, 1960-இல் இறுதிக்கு முன்னால் 5. முப்பது முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் ஒரு மீட்டர்கூட இல்லை. வெர்கீர் நூலின் பக்கத்தில் அது அறுந்து விழுந்த துண்டு மாதிரி இருந்தது. அது நியாயமே இல்லை. 32 வருடம் அது. 1928-இல் ஐந்து ஆட்டத்தில் 29 கோல் போட்டு ஒரு கோல்கூட வாங்காத அணி. நடுவில் ஒரு உலகப் போர் வந்து இரண்டு ஒலிம்பிக் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நாடே இரண்டானது. நேற்று வரை ஒரே சட்டை போட்டவர்கள் எதிர் அணியானார்கள். 1956 இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றோம். 1960 செப்டம்பர் 9, ரோம், அதே பாகிஸ்தானிடம் அதே 1-0-இல் தோற்றோம்.

அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இந்த முறை வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் என்று நூலை அளந்து, ஒலிம்பிக் வருடங்களில் மட்டும் முடிச்சுகளை நெருக்கமாகப் போட்டேன். 1936-க்கும் 1948-க்கும் நடுவில் 120 சென்டிமீட்டர் வெறும் நூல். தியான்சந்துக்கு 1936-தான் கடைசி ஒலிம்பிக். அதற்குப் பிறகு அந்த வெறும் நூல். பாட்டா அதைத் தடவிப் பார்த்து, "இந்த இடத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டார். முடிச்சைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை நடந்தது பாட்டா என்றேன். தலையாட்டிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

கால்பந்துக்காரப் பிள்ளைகளுக்காக நீல நூல் ஒன்று. ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகர அணி ஆசெக் மிமோசாஸ், 1989 முதல் 1994 வரை சொந்த நாட்டு லீக்கில் 108 ஆட்டம் தோற்கவில்லை. ருமேனியாவின் ஸ்டெவா புகாரெஸ்ட் 1986 முதல் 1989 வரை 104. தோற்காதது என்றால் டிராவும் அதில் உண்டு, அதனால் வெள்ளை நூலில் போடவில்லை. பிள்ளைகளுக்கு 108 என்றால் ஆம்புலன்ஸ்தான். இனிமேல் அபிஜான் நகரத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆர்சனலின் 49-ஐ அதே ஆணியில் கட்டிவிட்டேன். பாதி உயரம்கூட வரவில்லை.

கொரியப் பெண்கள் வில்வித்தை அணிக்குப் பத்தே முடிச்சு. 1988 சோல் ஒலிம்பிக் முதல் 2024 பாரிஸ் வரை அணிப் பிரிவில் ஒரு தங்கம்கூட விடவில்லை. பாரிஸில் சீனாவுடன் சமநிலை வந்து கூடுதல் அம்புகளில்தான் தீர்ந்தது. 36 வருடத்தில் ஒரு தலைமுறை போய் இன்னொரு தலைமுறையே வந்துவிட்டது, நூல் மட்டும் ஒன்றேதான். ஸ்குவாஷில் ஹெதர் மெக்கேவுக்கு 1962 முதல் 1977 வரை பிரிட்டிஷ் ஓபன் 16 முடிச்சு. வாழ்நாள் முழுக்க அவர் தோற்றது இரண்டே ஆட்டம்.

மனதுக்கு நெருக்கமான நூல் இந்தியாவின் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் பாபு நட்கர்னியுடையது. 1964 ஜனவரி, மதராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். தொடர்ந்து 131 பந்து, ஒரு ரன் கிடையாது. தொடர்ந்து 21 மெய்டன் ஓவர். அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. விக்கெட் விழாததால்தான் இதை யாரும் கொண்டாடுவதில்லை என்று நினைக்கிறேன். ஆறு ஆறாக 21 கொத்து முடிச்சு போட்டால் 126. மீதி 5 பக்கத்து ஓவர்களில். அந்த ஐந்தைத் தனியாகத் தள்ளிப் போட்டேன்.

ஆடுகளத்தில் ஒரு காசை வைத்து அதன்மேல் பந்து விழும்படி நட்கர்னி பழகுவார். நாங்களும் செய்து பார்த்தோம். காசெல்லாம் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை, செய்தித்தாளைப் பாதியாக மடித்து, நாலு மூலையிலும் கல் வைத்தோம். கிளப்பில் இடது கையால் சுழற்றுகிற பையன் ஒருவன்தான் உண்டு. டென்னிஸ் பந்து. முதல் நாள் தொடர்ந்து 4. ஒரு வாரம் கழித்து 11 வரை போனான். பன்னிரண்டாவது அரை அடி தள்ளி விழுந்தது. "அண்ணே, பதினொண்ணுக்கே தோள் நடுங்குது" என்றான். எதிரில் மட்டையோடு யாரும் நிற்கவில்லை என்பதை அவனே சொன்னான், நான் சொல்லவில்லை.

இப்போது கிளப் அறையின் தெற்குச் சுவரில் எட்டு நூல் தொங்குகிறது. வெர்கீர் நூலைச் சுவர் நீளத்துக்கு மூன்று தரம் மடித்து ஆணியில் போட்டிருக்கிறேன், வேறு வழியில்லை. கடல் காற்றில் உப்புப் படிகிறது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் பிறந்து அண்ணன் கடலுக்குப் போய்விட்டான். மேசையில் இருப்பது வெஸ்ட் இண்டீஸ் மட்டையாளர் எவர்டன் வீக்ஸ். 1948-49-இல் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் சதம்: கிங்ஸ்டனில் 141, டெல்லியில் 128, பம்பாயில் 194, கல்கத்தாவில் 162-உம் 101-உம். ஆறாவது மதராஸில், 90-இல் ரன் அவுட். ஐந்து முடிச்சையும் நனைத்து இறுக்கிவிட்டேன். ஆறாவதுக்கு வளையம் மட்டும் போட்டு, இழுக்காமல் விட்டிருக்கிறேன். தொங்கவிட்டால் அது அவிழ்ந்துவிடும். அவிழாமலும் இறுகாமலும் நிற்க என்ன கட்டு போடலாம் என்று பாட்டாவிடம் கேட்டிருக்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.