குறுவை ஈரமும் டெல்டாவின் வெப்பத் திட்டமும்

வெப்பக் கட்டமைப்புக்கு, அதாவது ஓரிடத்தில் உண்டாக்கிய வெப்பத்தைப் பலருக்கும் குழாயில் வழங்கும் ஏற்பாட்டுக்கு, வட்டார அளவில் முதலீடு வேண்டும் என்று காவிரி டெல்டாவில் பேசத் தொடங்கினால், வெயில் கொளுத்துகிற மண்ணில் வெப்பத்துக்கு என்ன பஞ்சம் என்ற கேள்விதான் முதலில் வரும். வீடுகளைச் சூடேற்றும் தேவை நமக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவை நெல் நட்டு, அது விளைந்து அறுவடைக்கு வருகிற செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மழையும் சேர்ந்து வந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்தப் பணத்துக்கும் கிடைக்காத ஒரே பொருள் உலர்ந்த, சூடான காற்றுதான்.

கடந்த அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றிருந்தேன். பட்டியல் எழுத்தர் குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போட்டார். 21 விழுக்காடு ஈரம் என்று காட்டியது. அனுமதிக்கப்பட்ட அளவு 17. குவியலுக்குரிய பெரியவர் ஒன்றும் சொல்லாமல் படுதாவை விலக்கி அடிநெல்லைக் காட்டினார்; அதில் வெள்ளை முளை ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டு நாள் வெயில் அடிச்சாப் போதும் தம்பி, அதத்தான் எங்க போய் வாங்குறது?" என்றார். அதே சாலையில் ஒரு பாதி முழுக்க நெல்லைக் கொட்டிப் பரப்பி, பேருந்து வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று, மறுபடியும் இறங்கிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர்.

இது புதிய துயரம் அன்று. 1967-இல் குறுவை மழையில் நெல் நனைந்து வீணானதை ஒட்டித்தான் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் நெல் பதப்படுத்தும் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் தஞ்சாவூருக்கு மாறிய அதுவே இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. ஆய்வும் அறிவும் நம் வாசலிலேயே இருந்தும், ஒவ்வோர் ஆண்டும் மழை பெய்த பிறகு ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதுவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்வதும், சில ஆண்டுகளில் 19 அல்லது 20 விழுக்காடு வரை தளர்வு கிடைப்பதுமே நடைமுறையாகிவிட்டது. தளர்வினால் நெல் உலர்வதில்லை. ஈரம் விவசாயியின் களத்திலிருந்து அரசின் கிடங்குக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

தேவைப்படும் வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 22 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 60 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ தண்ணீருக்கு 5 மெகாஜூல் என்று தாராளமாகவே வைத்தாலும் 300 மெகாஜூல் ஆகிறது. ஒரு கிலோ உமியில் சுமார் 13 மெகாஜூல் வெப்பம் உண்டு. கொதிகலனிலும் குழாயிலும் 40 விழுக்காடு வீணாகும் என்று கொண்டால்கூட, 40 கிலோவுக்கும் குறைவான உமி போதும். அந்த ஒரு டன் நெல்லை அரைக்கும்போது கிடைக்கும் உமியோ சுமார் 200 கிலோ. நெல்லை அவிக்கவும் அவித்ததை உலர்த்தவும் ஆலைகள் அதே உமியைத்தான் எரிக்கின்றன என்றாலும், மிஞ்சுவது லாரி லாரியாகச் செங்கல் சூளைகளுக்கும் வேறு ஊர்க் கொதிகலன்களுக்கும் போய்க்கொண்டிருப்பதை நாம் தினமும் சாலையில் பார்க்கிறோம். ஆகவே நம்மிடம் எரிபொருள் இருக்கிறது. அதன் வெப்பத்தை ஈர நெல்லோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

இந்த ஏற்பாட்டை எப்படித் திட்டமிடுவது என்பதற்கு டென்மார்க்கைப் பார்க்கலாம். 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் கடுமையாக அடிபட்ட அந்த நாடு, 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி உள்ளாட்சிகள் முதலில் தங்கள் எல்லைக்குள் எங்கெங்கே எவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது, எங்கெங்கே வெப்பம் வீணாகிறது என்று வரைபடமாக்கின. அதன் பிறகே எந்தப் பகுதிக்குப் பொதுக்குழாய், எந்தப் பகுதிக்கு எரிவாயு என்று மண்டலம் பிரித்தன. கடனுக்கு உள்ளாட்சியே உத்தரவாதம் நின்றதால் வட்டி குறைந்தது. செலவுக்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்ற விதி இருந்ததால் மக்களும் நம்பி இணைந்தார்கள். இன்று அங்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பொதுக்குழாயில் வெப்பம் வருகிறது, அந்த வெப்பத்தைத் தருபவற்றுள் வைக்கோலை எரித்து இயங்கும் நிலையங்களும் உண்டு என்பது, வைக்கோலும் உமியும் மலைபோலக் குவியும் நமக்கு முக்கியமான செய்தி. ஜெர்மனியிலும் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் 2026 நடுப்பகுதிக்குள்ளும், மற்ற ஊர்கள் 2028 நடுப்பகுதிக்குள்ளும் வெப்பத் திட்டம் வகுக்க வேண்டும் என்று கெடு விதித்தது.

அவர்களுடைய குழாயை அப்படியே இங்கே பதிக்க முடியாது. நம் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊறும். நாலடி தோண்டினால் தண்ணீர். ஐந்நூறு அடிக்கு ஒரு வாய்க்கால் குறுக்கிடும். நெடுந்தொலைவுக் குழாய் இங்கே பணத்தைப் புதைப்பதாகவே முடியும். ஆனால் நெல் உலர்த்தும் காற்றுக்கு 45 முதல் 60 டிகிரி போதும் என்பதால், 85 டிகிரிச் சுடுநீரை ஒரு வளாகத்துக்குள்ளேயோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவிலோ கொண்டுசெல்லும் சிறு கட்டமைப்பு சாத்தியமே. நாளுக்கு 1,000 சிப்பம், அதாவது 40 டன் நெல் வரும் ஒரு கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம்: இருபது மணி நேரம் இயக்கினால் 170 கிலோவாட் வெப்பமும் ஒன்றரை டன் உமியும்தான் தேவை. பத்து நிலையங்களின் ஈர நெல்லை ஓர் ஆலைத் தொகுதிக்குக் கொண்டுவந்து, இரவிலும் எரியும் ஒரே கொதிகலனையும் வெப்பத்தைத் தேக்கும் ஒரு பெரிய சுடுநீர்த் தொட்டியையும் வைத்தால், பத்து இடங்களில் பத்து டீசல் உலர்த்தி வாங்குவதைவிட அது உறுதியான சொத்தாக இருக்கும்.

உண்மையான சிக்கல் ஆண்டின் மீதி மாதங்கள். குறுவைக்கு ஆறு வாரம், சம்பா தாளடிக்குத் தை, மாசியில் சில வாரம் என்று மட்டும் ஓடும் கொதிகலனுக்கு எந்த வங்கியும் மனமுவந்து கடன் தராது. அதனால்தான் தேவை வரைபடம் முதலில் வேண்டும் என்கிறேன். நெல் அவிக்கும் ஆலைக்கு ஆண்டு முழுவதும் வெப்பம் வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணியில் கொப்பரை உலர்த்த வேண்டும். திருபுவனத்தில் பட்டு நூலின் பசை நீக்கவும் சாயம் ஏற்றவும் கொதிநீர் வேண்டும். பால் குளிரூட்டும் நிலையங்களில் கேன் கழுவவும் சுடுநீர் தேவை. இவற்றுள் எவை எவை ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் இடம் தீர்மானிக்க வேண்டும். நிலம் சும்மா கிடக்கிறது என்பதற்காக ஓரிடத்தில் கட்டிவிட்டுத் தேவையைத் தேடக் கூடாது.

பணத்துக்கு வழி அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 2020-இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை பெறலாம். 1995-96 முதல் நபார்டு வங்கி நடத்திவரும் ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி மாநில அரசுகளுக்குக் கடன் தருகிறது. முன்னதில் உலர்த்தியும், பின்னதில் கொதிகலன், தொட்டி, குழாய் ஆகிய பொதுச் சொத்தும் என்று பிரித்துக்கொள்ள முயல வேண்டும். இன்றைய நிலையில் கேட்டவருக்குக் கடன், கேட்காதவருக்கு இல்லை என்று தனித்தனியாகப் போவதால், அடுத்தடுத்த ஊர்களில் இரண்டு உலர்த்திகள் சும்மா நிற்க, பக்கத்து ஒன்றியத்தில் ஒன்றுகூட இல்லாமல் போகிறது.

விவசாயியின் தயக்கத்தையும் திட்டத்திலேயே தீர்க்க வேண்டும். ஒரு டன் ஈர நெல் உலர்ந்தால் 940 கிலோவாகும். அந்த 60 கிலோ யார் கணக்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை யாரும் நெல்லை ஒப்படைக்க மாட்டார்கள். வரவு எடை, ஈரம், உலர்ந்த எடை மூன்றையும் ஒரே ரசீதில் தர வேண்டும். கட்டணம் செலவை ஈடுகட்டும் அளவுக்கு மேல் போகக் கூடாது. ஆலைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் கொடியில் காயும் துணியிலும் குழந்தைகளின் கண்ணிலும் கரிய உமிச்சாம்பல் விழுவதை அனுபவித்தவர்கள் நாம். ஆகவே தூசி பிடிக்கும் கருவி இல்லாத கொதிகலனுக்கு ஒரு ரூபாய்கூடப் பொதுப்பணம் தரக் கூடாது. சாம்பலில் சிலிக்கா மிகுதி என்பதால் சிமெண்டுக் கலவைக்கு அது பயன்படும். அந்த வருமானமும் கூட்டுறவுச் சங்கத்துக்கே சேர வேண்டும்.

டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-இல் வந்தபோது, இந்த மண்ணில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது என்று தெளிவாக்கினோம். எது கூடாது என்று சொன்ன அந்தச் சட்டத்தின் கீழ், எது வேண்டும் என்பதற்கு நீடாமங்கலம், மன்னார்குடி ஒன்றியங்களையாவது எடுத்துக்கொண்டு, அடுத்த மேட்டூர் திறப்புக்கு முன் கொள்முதல் நிலையம், ஆலை, உமி இருப்பு, வெப்பத் தேவை நான்கையும் ஒரே வரைபடத்தில் குறித்து, கிராம சபைகளில் வைத்து, அதன் பிறகு நிதி கேட்கும்படி மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறேன். இந்த ஒன்றியங்களின் நெல் வரத்து விவரம் நுகர்பொருள் வாணிபக் கழகத்திடமும், ஆலைகளின் கொதிகலன் விவரம் கொதிகலன் ஆய்வுத் துறையிடமும் ஏற்கெனவே இருக்கின்றன.