தாமிர வரிசை

மார்ச் 4
பெப்டைடு வந்துவிட்டது. ஏபீட்டா 40, அல்சைமர் நோயில் மூளையில் படியும் சிறு புரதத் துண்டு. துத்தநாகமும் தாமிரமும் சேர்த்தால் அது எப்படித் திரள்கிறது என்று பார்க்க வேண்டும். குப்பியின் அடியில் வெள்ளையாய் ஒரு படலம், அவ்வளவுதான். கரைசலின் அமிலத்தன்மையை நிலையாக வைக்க பாஸ்பேட் பஃபர் வேண்டாம், துத்தநாகத்தைப் படிய வைத்துவிடும். டிரிஸ் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹெப்பீஸ் பஃபர்தான்.

மார்ச் 5
கிணறுகளுள்ள தட்டு கருவியில் ஓடுகிறது. பெப்டைடு நாராகத் திரண்டால் ஒளிரும் சாயம், தயோஃபிளேவின் டி, கலந்திருக்கிறது. இன்னும் ஒளி எதுவும் எழவில்லை.

மார்ச் 6
உலோக அயனி சேர்க்காத வரிசையில் ஒளி அழகாக ஏறியிருக்கிறது. நெடுநேரம் தரையோடு கிடந்து, விறுவிறுவென்று எழுந்து, மேலே போய் அடங்கிவிட்டது. துத்தநாகம் கொஞ்சமாகச் சேர்த்த கிணறுகளில் அந்த எழுச்சி தள்ளிப்போகிறது. பெப்டைடைவிட அதிகம் சேர்த்தவை உடனே கலங்கிவிட்டன. அது நாராக இருக்காது, உருவமற்ற திரளாகத்தான் இருக்கும். தாமிர வரிசை மட்டும் மங்கல். நார் உருவாகவில்லையா, உருவாகியும் கண்ணுக்கு வரவில்லையா? தயோஃபிளேவின் டியின் ஒளிர்வைத் தாமிரமே அணைத்துவிடும். இந்த ஒளியை எப்படி நம்புவது?

மார்ச் 7
தம்பி போன் செய்தான். அத்தைக்குக் கொடுக்கும் ஜிங்க் (துத்தநாக) மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றான். தட்டில் நடப்பதை வைத்து ஒருவருடைய மாத்திரையில் கைவைக்க முடியாது. டாக்டரைக் கேள் என்றேன். வைத்த பிறகும் அவன் குரல் காதிலேயே இருக்கிறது.

மார்ச் 9
தூக்கமில்லை. பெப்டைடின் 6, 13, 14ஆம் இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். உலோகம் வந்து பிடிப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். எலியின் பெப்டைடில் 13ஆம் இடத்தில் அதற்குப் பதில் அர்ஜினின். 5, 10 இரண்டும்கூட வேறு. 1994இல் ஆஷ்லி புஷ்ஷின் குழு, துத்தநாகம் பட்டதும் மனித பெப்டைடு மளமளவென்று திரள்வதையும், எலியுடையது அப்படித் திரளாததையும் காட்டியது. எலி கிழடானாலும் அதன் மூளையில் தானாக இந்தப் படிவு வருவதில்லை. அந்த 13ஆம் இடம் மட்டும்தான் காரணமா? மற்ற இரண்டுக்கும் பங்கு இல்லாமலா போகும்? அத்தை மூளையிலும் இதே 13.

மார்ச் 10
உலோக அயனியைப் பிடித்து விலக்கும் ஈடிடிஏ சேர்த்தேன். தாமிர வரிசையில் வெளிச்சம் கொஞ்சம் மீண்டது. கொஞ்சம்தான். அப்படியானால் நார் இருக்கிறது, ஆனால் குறைவு. மீதி பெப்டைடு எங்கே? சிறு திரள்களாக நிற்கிறதா? அதுதான் பயம். நரம்பு செல்லுக்கு முற்றிய நாரைவிட அந்தச் சின்னத் திரள்கள்தான் கொடியவை என்கிறார்கள்.

மார்ச் 11
அத்தை இன்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

மார்ச் 13
எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நாளை காலை இடம் கிடைத்திருக்கிறது. மாதிரியை வைக்கும் வலையான கிரிட்டே வழக்கமாகத் தாமிரம் என்பதால் தங்கக் கிரிட் கேட்டு வாங்கினேன். ஈடிடிஏ படாத தாமிரக் கிணறுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் துத்தநாகம்.