டயப்பரை விட்ட கதை: ஒண்ணுக்கு முதலில், ஆய் பிறகு, ராத்திரி கடைசியில்

எங்கள் பையனுக்கு மூன்றரை வயது ஆகிறது. பகலில் டயப்பர் இல்லை. ஆய் வந்தால் அவனே சொல்கிறான், ஜட்டியை அவனே கழற்றுகிறான், கழுவிவிட மட்டும் ஆள் வேண்டும். ராத்திரிக்கு இன்னும் ரப்பர் ஷீட்தான். இவ்வளவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. மூன்றே நாளில் பழக்கிவிடலாம் என்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் கோவையில் இருக்கிறோம். அத்தையும், அதாவது என் மாமியாரும், எங்களோடுதான். "என்ற மூணு பசங்களையும் தல நின்னதும் கால்ல உக்கார வெச்சுப் பழக்கிப்போட்டேன் கண்ணு" என்பார். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு மேல் குழந்தையைக் குந்தவைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுக்கிற அந்தப் பழக்கம் நல்லதுதான். குழந்தையின் நேரம் பெரியவர்களுக்குப் பிடிபட்டுவிடும், துணி மிச்சமாகும். ஆனால் வருவதைத் தானே உணர்ந்து, கொஞ்சம் அடக்கி, சொல்லி, துணியைக் கழற்றி உட்காருவது வேறு திறமை. அதற்கு உடம்பும் மூளையும் வளர வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1170 குழந்தைகளைப் பற்றி 1962இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் பழகி முடித்த வயது சராசரியாக 28.5 மாதம். சராசரி என்றால் அதற்குப் பிறகு முடித்தவர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஒன்றரை வயதில் பழகவில்லையே என்று யாராவது முகம் சுளித்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டரை வயதை நெருங்கும்போது அவனிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. டயப்பர் இரண்டு மணி நேரமாவது காய்ந்தே இருந்தது. ஆய் வந்தால் பீரோவுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டான். நனைந்தால் பிடித்து இழுத்தான். சித்திரை வெயிலில் தொடங்கினோம். துவைத்துப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

ஒண்ணுக்கு சீக்கிரம் பழகியது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், குளிக்கும் முன், வெளியே கிளம்பும் முன் என்று கூட்டிப்போனோம். "வருதா?" என்று கேட்டால் எப்போதும் "வல்ல" என்பான். அதனால் கேட்பதை விட்டுவிட்டு, "வா, போய்ட்டு வந்து கார் ஓட்டலாம்" என்று கையைப் பிடித்தோம். முன்னேற்றம் எந்த வரிசையில் வரும் என்று தெரிந்திருந்தால் மனசு தளராது. முதலில், போன பிறகு சொன்னான். டைல்ஸ் இடுக்கில் கோடாக ஓடுகிறதைக் குனிந்து பார்த்து "அம்மா, தண்ணி" என்றான். அடுத்து, போய்க்கொண்டிருக்கும்போதே சொன்னான். அதற்கும் அடுத்துத்தான் போகும் முன் சொன்னான். முதல் இரண்டையும் தோல்வி என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அவையும் முன்னேற்றமே.

ஆய் விஷயத்தில் எல்லாம் நின்றுபோனது. குழந்தைகளுக்கான டாய்லெட் சீட்டில் உட்காரவைத்தால் கதறுவான். இறங்கினால் திரைச்சீலைக்குப் பின்னால் போய், இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நுனிக்காலில் எம்பி நின்று, முகம் சிவக்க முக்குவான். முக்குகிறான் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் வெளியே வராமல் அடக்குகிறான். நாள்கணக்கில் போகாமல் இருந்துவிட்டு, பிறகு ஜட்டியில் தண்ணீராகக் கறை. சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை, அடம்.

குழந்தை மருத்துவர் வயிற்றின் இடதுபக்கக் கீழ்ப்பகுதியை அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்குது. இவன் அடம் பண்ணலம்மா, பயப்படறான்" என்றார். ஒருமுறை இறுகிப்போய் வலியோடு வந்திருக்கும். அந்த வலிக்குப் பயந்து அடக்குகிறான். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். நாளாவட்டத்தில் மலக்குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிவிடும். கட்டியைச் சுற்றி நீராகக் கசிவதுதான் ஜட்டியில் படும் கறை. அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்தால் சிக்கல் கூடும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார். இன்னொருவர் சோப்புத் துண்டு. இரண்டும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோப்பு உள்சதையை எரிக்கும். ஏற்கெனவே பயந்த இடத்தில் எதையாவது நுழைத்தால் பயம் இரட்டிப்பாகும். எடைக்கு ஏற்ற அளவில், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக்கொடுத்து, நன்றாகப் போகிறானே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் குறைத்தோம். கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, நிறையத் தண்ணீர்.

அத்தோடு, உட்காரச் சொல்வதையே சில வாரம் நிறுத்தினோம். ஆய்க்கு மட்டும் டயப்பர் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் பாத்ரூமுக்குள் நின்று போகட்டும். அது பழகியதும் டயப்பரோடு டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தான். பிறகு டயப்பரைத் தளர்த்திவிட்டோம். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க வராது, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அத்தை உடனே தன் பழைய மணையைக் கொண்டுவந்து அவன் காலுக்கு அடியில் போட்டார். அவர் பாதங்களில் குந்தவைத்ததும் இதே வாட்டத்தில்தானே! சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் என்பதால், சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் மட்டும் உட்கார்ந்தான். கையில் ஒரு விசில். ஊதினால் வயிறு தானாக அழுந்தும். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்ததால், அவன் வெளியே போன பிறகே அழுத்தினோம்.

ஆடி மாதத்தில் ஒரு மதியம், தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் விசிலை எடுத்துவிட்டு, "அம்மா, விழுந்துருச்சு" என்றான். வலிக்கவில்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆச்சரியம். அத்தை அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகும் நேர்க்கோடாகப் போகவில்லை. ப்ளே ஸ்கூலில் சேர்த்ததும் காலை முழுக்க அடக்கிக்கொண்டு, வேனிலிருந்து இறங்கும்போது நனைத்துக்கொண்டு வந்தான். அங்கே இந்தியன் க்ளாசெட், புதிய ஆள், புதிய இடம். ஆயாம்மாவிடம் பேசி, இன்டர்வெல்லில் அவரே கூட்டிப்போக ஏற்பாடு செய்தோம். பையில் மாற்று ஜட்டியும் ஒரு பிளாஸ்டிக் கவரும். சில வாரத்தில் சரியானது. காய்ச்சல், வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, எதற்கும் இப்படிப் பின்னால் போகலாம். அந்த நேரத்தில் "இவ்ளோ பெரிய பையன், வெக்கமா இல்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். வெட்கப்படுத்தினால் குழந்தை மறுபடியும் அடக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

ராத்திரி தனிக் கணக்கு. தூக்கத்தில் சிறுநீர் குறைவாகச் சுரப்பதும், சிறுநீர்ப்பை நிறைந்தால் விழிப்பு வருவதும் உடம்பு முதிர்ந்தால் வருபவை; பழக்கி வரவழைக்க முடியாது. 5 வயதிலும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 15 பேர் படுக்கையை நனைப்பார்கள். பரம்பரையாகவும் வரும். என் கணவர் பள்ளிக்கூடம் போன பிறகும் நனைத்ததாக அத்தையே சொன்னார். மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி தொடங்கினாலோ, எரிச்சல், காய்ச்சல், ஓயாத தாகம், மலத்தில் ரத்தம் என்று எது தெரிந்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இப்போதைக்குப் படுக்கும் முன் ஒருமுறை பாத்ரூம், ரப்பர் ஷீட்டின் மேல் மடித்துப்போட்ட பழைய காட்டன் புடவை. நனைந்தால் உருவிவிட்டு இன்னொன்று. சிரப்பை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். முழுக்க நிறுத்த இன்னும் சில மாதம் ஆகும் என்றிருக்கிறார்.