குறிகள் இல்லாத அரபிப் பக்கத்தை வாசிக்கக் கற்றது

திருச்சியில் இளங்கலைப் படிப்பில் சேர்ந்தபோது, பகுதி ஒன்றுக்குரிய மொழிப்பாடமாக அரபியைத் தேர்ந்தெடுத்தேன். சிறுவயதில் மக்தப் என்னும் சிறுவர் மதப் பள்ளியில் குர்ஆன் ஓதிப் பழகியிருந்ததால், எழுத்துகள் இருபத்தெட்டும் எனக்குப் புதியவை அல்ல. ஐன், ஹா போன்ற தொண்டை ஒலிகளுக்காக மற்றவர்கள் நெடுநாள் உழைத்தபோது நான் அந்தக் கட்டத்தை எளிதாகவே கடந்தேன். ஜபர், ஜேர், பேஷ் என்று மக்தபில் சொல்லி வந்த குற்றுயிர்க் குறிகள் ஏதும் அச்சிடப்படாத உரைநடைப் பக்கம் ஒன்று கைக்கு வந்தபோதுதான் கல்லூரிக் கல்வி உண்மையில் தொடங்கியது.

தமிழில் பொருள் தெரியாத சொல்லையும் பிழையின்றி வாசித்துவிடலாம். அரபியிலோ நாளிதழ்களிலும் பெரும்பாலான நூல்களிலும் குற்றுயிர்கள் எழுதப்படுவதில்லை. காஃப், தா, பா என்ற மூன்றெழுத்துகள் மட்டும் நின்றால், அது எழுதினான் என்று பொருள்படும் ‘கதப’ ஆகலாம். எழுதப்பட்டது என்னும் ‘குதிப’ ஆகலாம். நூல்கள் என்னும் ‘குதுப்’ ஆகவும் இருக்கலாம். வாக்கியத்தின் அமைப்பை முதலில் புரிந்துகொண்டவரே அதைச் சரியாக வாய்விட்டு வாசிக்க முடியும். ஓதத் தெரிந்த எங்களுக்கு இது முற்றிலும் வேறான பயிற்சியாக இருந்தது.

அந்தப் புரிதலுக்கு வழி சர்ஃபும் நஹ்வும்தான். சர்ஃபு சொல்லாக்கத்தையும் நஹ்வு வாக்கிய அமைப்பையும் கற்பிக்கின்றன. 1961இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஹான்ஸ் வெஹ்ர் அகராதி சொற்களை அவற்றுக்கு அடிப்படையான வேரெழுத்துகளின் வரிசையில் அடுக்கியிருப்பதால், ‘இஸ்திஃமால்’ என்ற சொல்லைத் தேடுபவர் முன்னொட்டை நீக்கி ஐன், மீம், லாம் என்ற வேரைக் கண்டறிய வேண்டும். நாம் அன்றாடம் சொல்லும் ‘அமல்’ அதே வேரின் கீழ்தான் இருக்கிறது. வேரின் நடுவில் வாவ் இருந்து அலிஃபாகத் திரிந்துவிட்ட வினைகளுக்கு இன்னும் பொறுமை தேவைப்பட்டது.

நஹ்வு வகுப்பில் உஸ்தாது (ஆசிரியர்) ஒவ்வொரு சொல்லின் இறுதிக்கும் காரணம் கேட்பார்: இது எழுவாயா, செயப்படுபொருளா, முன்னிடைச்சொல்லை அடுத்து வந்ததா? அதற்கேற்ப ரஃப்உ, நஸ்பு, ஜர்ரு என்ற மூன்று வேற்றுமை நிலைகளுள் எது என்று இஃராபு, அதாவது சொல்லிறுதி மாற்றம், சொல்ல வேண்டும். வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதன்று. திணையும் அப்படித்தான். மனிதரல்லாதவற்றின் பன்மைக்கு அரபியில் அடைமொழியும் வினையும் பெண்பால் ஒருமையில் வரும் என்பதை ஆங்கில வழி இலக்கண நூல்கள் தனி விதியாக விளக்குகின்றன. உயர்திணை, அஃறிணை என்ற பகுப்பை அறிந்த மாணவருக்கு அதன் எல்லை உடனே விளங்கிவிடும். தமிழ் இலக்கணத்தை நன்கு கற்றவர்கள் அரபிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இலக்கண மாதிரிகளை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அரபி நாளிதழின் ஒரு பத்திக்கு நாள்தோறும் பென்சிலால் குறிகளிட்டு, பின்னர் அவற்றை அழித்துவிட்டு உரக்க வாசித்ததே எனக்கு மிகுதியாகப் பயன்பட்டது. வளைகுடா நாடுகளில் பேசப்படும் வழக்கு இதிலிருந்து வெகுவாக வேறுபடும். எனினும் செய்தியறிக்கை, அலுவலகக் கடிதம், ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் இந்த எழுத்து நடையிலேயே அமைவதால், பேச்சு வழக்கை அங்கு சென்ற பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றே புதிதாகச் சேரும் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன்.