பழைய ராணுவக் குறுவாள்: துருவை எங்கே எடுப்பது, எங்கே நிறுத்துவது

துருப்பிடித்த பழைய குறுவாள் கைக்கு வந்தால் உப்புத்தாள், வினிகர், பஃபிங் மெஷின் மூன்றையும் முதலில் தள்ளி வையுங்கள். எண்பது வருடத் துரு தொடாமல் விட்ட ஆலை முத்திரையை பஃபிங் மெஷின் ஒரே நிமிடத்தில் வழித்துவிடும்.

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அலகைத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடியாக ஒட்டிக்கொண்டு வருவது இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் துரு. அதை எடுத்தே ஆக வேண்டும். கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ வழவழப்பாகப் படிந்து, நகத்துக்கு அசையாமல் இருப்பது நிலைத்துவிட்ட பழைய படலம். அதைத் தொடாதீர்கள். அடியில் உள்ள எஃகுக்கு அது ஓரளவு காப்பும்கூட.

அலகு ஆலையிலிருந்து எந்தப் பூச்சோடு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1943-இல் வந்த அமெரிக்க ராணுவத்தின் எம்3 கத்தியின் அலகில் சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு இருக்கலாம், கருநீலப் பூச்சும் இருக்கலாம். பிரிட்டிஷ் கமாண்டோக்களின் ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தியில் நிக்கல் முலாம் பூசியதும் உண்டு, வெளிச்சத்தில் மின்னக் கூடாதென்று கறுப்பாக்கியதும் உண்டு. அந்தக் கறுப்பை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிட்டால் அப்புறம் எதுவும் செய்வதற்கில்லை. 1930-களின் ஜெர்மன் சீருடைக் குறுவாள்கள் பலவற்றில் சாணைக்கோடுகள் அலகுக்குக் குறுக்காக ஓடும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை போலத் தெரியும். நீளவாக்கில் தேய்த்தால் முதலில் போவது அந்தக் கோடுகள்தான்.

பிடியைக் கழற்ற முயலாதீர்கள். பிடிக்குள் ஓடும் அலகின் வால்முனையை அடித்து மடக்கியிருந்தால் திரும்பப் பூட்ட வழியில்லை. திருகாணி இருந்தாலும் துரு இறுகியிருக்கும், திருப்பினால் மரை போய்விடும்.

இனி வேலை. தையல் மெஷின் ஆயில் மாதிரி மெல்லிய மினரல் ஆயிலை துரு மேல் மட்டும் தடவி ஒரு நாள் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், அது பிசினாக இறுகும். மறுநாள் மூங்கில் குச்சியைச் சீவி, படுக்கைவாட்டில் பிடித்துச் சுரண்டுங்கள். பூச்சில்லாத எஃகில் குச்சிக்கு மசியாத மேடுகளுக்கு மழுங்கிய பித்தளைத் தகடு. எஃகை விட மென்மையான உலோகம் என்பதால் கீறாது. மஞ்சள் தடம் பட்டால் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடலாம். துடைத்து, மறுபடி எண்ணெய் தடவி, மறுபடி சுரண்டி, பொடி வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். அவசரம் கூடாது.

பூச்சோ முலாமோ இல்லாத எஃகில் மட்டும், கடைசியில், 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை (மிக மெல்லிய எஃகு நார்) எண்ணெயில் நனைத்து, சாணைக்கோடு ஓடும் திசையிலேயே மெதுவாகத் தேய்க்கலாம். முத்திரைக்கு அருகில் வேண்டாம். முதலில் கைக்காப்பை (பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குத் தடுப்பு) ஒட்டி ஒரு சென்டிமீட்டரில் சோதியுங்கள். பளபளப்பு கூடினால் நிறுத்திவிடுங்கள். ஸ்டீல் வுல் இழை ஒன்று இடுக்கில் தங்கினாலும் அதுவே புதுத் துருவுக்கு விதை. குழிகளின் அடியில் நிற்கும் கறுப்பை அப்படியே விடுவதுதான் சரி. குழி மறையும்வரை தேய்த்தால் அலகின் கனம் போய்விடும்.

வினிகரை ஏன் விலக்குகிறோம் என்றால், அமிலம் துருவோடு நிற்காது. பழைய படலம், பாஸ்பேட், நல்ல எஃகு எல்லாவற்றையும் தின்று மங்கிய சாம்பல் நிறமாக்கும். கைக்காப்பின் அடியில் கசிந்த சொட்டைக் கழுவி எடுக்கவும் முடியாது. அமிலத்தை முறிக்கும் பேக்கிங் சோடாவும் அங்கே எட்டாது.

துரு நின்றதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடையுங்கள். அலகில் மட்டும், பிடியில் படாமல். அசிட்டோனை அருகிலேயே கொண்டுவராதீர்கள், செல்லுலாய்டு பிடி கரைந்துவிடும். இதிலிருந்து நைட்ரைல் கையுறை கட்டாயம், வியர்வையின் உப்பு ரேகை வடிவிலேயே துருவாகும். ஹேர் டிரையரால் அலகைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் பருத்தித் துணியால் துடைத்து, இன்னொரு பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்துக்காக உருவான ரெனைசான்ஸ் வேக்ஸ் இந்த வகைதான். எண்ணெய் தூசியை இழுக்கும், வழிந்து பிடிக்குள் இறங்கும். மெழுகு போட்ட இடத்தில் நிற்கும்.

தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடிக்கு எண்ணெய் ஊற்றினால் தோல் ஊறித் தளரும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். பித்தளை தோலோடு சேரும் இடத்தில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறியிருந்தால் பல்குச்சியால் வழித்தெடுங்கள்.

குறுவாளை உறைக்குள் போட்டு வைக்கவே கூடாது. தோல் ஈரத்தையும், பதனிடும்போது சேர்ந்த அமிலத்தையும் அலகின் மேலேயே பிடித்து வைக்கும். உறையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். புதிதாக ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்து மெழுகை மட்டும் ஒயிட் ஸ்பிரிட்டால் (பெயின்ட் கரைப்பான்) எடுத்து, அங்கே மட்டும் எண்ணெயிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.