வலையின் உயரத்தை எங்கே அளப்பீர்கள்?

கைப்பந்துப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஆண்கள் வலையின் உயரம் என்ன என்பது. 2.43 மீட்டர் என்று பட்டென்று சொன்னேன். "சரி, அளந்து காட்டு" என்று அளவுகோலைக் கையில் கொடுத்தார் தேர்வாளர். நேராகக் கம்பத்துப் பக்கம் போய் அளந்தேன். 2.43 இருந்தது. "நடுவில் அளந்து பார்" என்றார். ஐந்து சென்டிமீட்டர் குறைந்தது.

உயரத்தை ஆடுகளத்தின் நடுவில்தான் அளக்க வேண்டும். இரண்டு பக்கக் கோடுகளுக்கு மேலேயும் உயரம் ஒன்றுபோல இருக்க வேண்டும். அங்கே விதித்த அளவை 2 சென்டிமீட்டருக்கு மேல் தாண்டக் கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. புத்தகத்தில் அடிக்கோடே போட்டு வைத்திருந்தேன். ஆனால் அதுவரை என் கையால் வலை கட்டியதில்லை. ஜூனியர் பையன்கள் கட்டி வைப்பார்கள், நான் போய் ஆடுவேன்.

அதற்குப் பிறகு சேலத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக 32 வருடம் இருந்தேன். 1988இல் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஓய்வு பெற்ற வாரம் வரை வலையை நானும் பையன்களோடு சேர்ந்துதான் கட்டினேன். உடற்கல்வித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்வதும் இதுதான். புத்தகத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால் அதைத் திடலில் ஒரு தடவை கையால் அளந்துவிடுங்கள். 18க்கு 9 மீட்டர் களத்தை நீங்களே சுண்ணாம்புக் கோடு போடுங்கள். நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் தாக்குதல் கோடு, வலைக்கு மேலே 80 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண்டெனா, 260 முதல் 280 கிராம் வரை எடையுள்ள பந்து, எல்லாமே அப்படித்தான் மனசில் நிற்கும். மூலைவிட்டம் சரிபார்த்துக் கோடு போட்டவன் பரீட்சை ஹாலில் தடுமாற மாட்டான்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, அதாவது நெட் தேர்வை நான் எழுதியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது வரவே இல்லை. ஆனால் என்னிடம் ஆடிய பிள்ளைகள் பலரை அதற்குத் தயார் செய்திருக்கிறேன். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, அதனால் ஒன்றையும் விடாதீர்கள். விளையாட்டுப் பிள்ளைகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் முதல் தாளில்தான். கற்பித்தல், ஆராய்ச்சி, தர்க்கம் என்று வரும். "அது நமக்கு எதுக்கு சார்" என்று தள்ளிவைப்பார்கள். அங்கேதான் 100 மதிப்பெண் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள்.

இரண்டாம் தாளில் ஆண்டு வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விகள் வரும். வெறும் பட்டியலாகப் படித்தால் ஒட்டாது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதே ஒய்.எம்.சி.ஏ. 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. 1947இல் சர்வதேசக் கூட்டமைப்பு, 1951இல் இந்தியக் கூட்டமைப்பு. பாட்டியாலா பயிற்சி நிறுவனம் 1961. அடுத்த வருடமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நமக்கு வெள்ளி. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து முதல்முறையாக இடம்பெற்றது. 1986இல் சியோலில் நமக்கு வெண்கலம். அந்த அணியில் ஜிம்மி ஜார்ஜ் ஆடினார். இப்படி ஒன்றோடு ஒன்றைக் கோத்துச் சொல்லிப் பாருங்கள்.

இனி விதிகள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடைகளில் பாதி இன்று தவறு. அப்போது சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. 15 புள்ளிக்கு ஒரு செட். சர்வீஸ் வலையில் விழுந்தால் சர்வீஸ் மட்டும்தான் கைமாறும். 1998இல், சர்வீஸ் யார் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி என்று முடிவானது. செட் 25 புள்ளி, ஐந்தாவது செட் மட்டும் 15. தப்பான ஒரு சர்வீஸ் எதிரணிக்குப் புள்ளியாகவே போக ஆரம்பித்தது. பயிற்சியை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது. பின்வரிசையில் மட்டும் இறங்கிப் பந்தை எடுக்கும் ஆட்டக்காரரான லிபரோ வந்ததும் அதே காலத்தில்தான்.

லிபரோ என்றால் எனக்கு ஒரு பையனின் முகம்தான் ஞாபகம் வரும். தாரமங்கலம் பக்கம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஐந்தடி நாலு அங்குலம் இருப்பான். எவ்வளவு வேகமான ஸ்மாஷ் வந்தாலும் கீழே புகுந்து எடுத்துவிடுவான். சுழற்சியில் எல்லாரும் முன்வரிசைக்கு வந்தாக வேண்டும், அங்கே அவனால் வலையோரம் எம்பிப் பந்தைத் தடுக்க, அதாவது பிளாக் போட முடியாது என்று 1996இல் கல்லூரி அணியில் அவனைச் சேர்க்கவில்லை. அப்போது சேலத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997இல்தான். போட்டிக்கு ராத்திரி ரயிலில் போவோம். அந்தத் தடவை எங்களை வழியனுப்ப ஜங்ஷனுக்கு வந்திருந்தான்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் கடைவீதியில் பார்த்தான். "இப்ப குட்டையா இருக்கறவனுக்கும் எடம் இருக்குதாமே சார்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டான், கல்யாணமும் ஆகியிருந்தது.

விதி தாமதமாக வந்தது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. பழைய விதியிலேயே ஒரு செட்டுக்கு ஆறு மாற்று உண்டு. தொடக்க ஆட்டக்காரன் ஒருவன் வெளியே போய் ஒரு தடவை திரும்ப வரலாம். உயரமான ஒருவன் பின்வரிசைக்குப் போகும்போது இவனை இறக்கி, முன்வரிசை வரும்போது அவனைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். அந்த விதியைத் தேர்வில் பத்து வரி எழுதியவன் நான். பக்கத்தில் ஒரு பையனை வைத்து அதைப் படிக்கவில்லை.

அதனால் விதிப் புத்தகம் படிக்கும்போது ஒவ்வொரு விதிக்கும் எதிரே, இது யாருக்கு இடம் கொடுக்கிறது, யாரைத் தடுக்கிறது என்று எழுதுங்கள். லிபரோ பிளாக் போடக் கூடாது. வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடித்து அனுப்பக் கூடாது. தாக்குதல் கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் மேல்கைப் பாஸ் கொடுத்தால், அந்தப் பந்தை வலை உயரத்துக்கு மேலே வைத்து மற்றவரும் அடிக்கக் கூடாது. அதே பாஸைக் கோட்டுக்குப் பின்னாலிருந்து கொடுத்தால் அடிக்கலாம். இந்தக் கடைசி விதியைத் தேர்வில் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். மூன்று பேரை நிற்க வைத்து ஒரு தடவை செய்து பார்த்தால் மறக்காது. கூட்டமைப்பு நாலு வருடத்துக்கு ஒருமுறை புத்தகத்தைப் புதுப்பிக்கிறது. அண்ணன் வைத்திருந்த பழைய கைடை வாங்கிப் படிக்காதீர்கள்.

அறிவியல் பாடத்துக்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு ஏற்காடு முகாம் கதையைச் சொல்வேன். ஒரு மே மாதம் அணியை மேலே கூட்டிப்போனேன். காற்றழுத்த மானி வைத்து எல்லாப் பந்துக்கும் சேலத்திலேயே விதிப்படி சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை காற்று அடித்து எடுத்துப்போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கி ஆடினால், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் விரல் வலிக்கிறது என்கிறான். அண்டர்ஹேண்டில் எடுத்த பந்தெல்லாம் துள்ளி ஓடுகிறது. பழக்கமான சர்வீஸ் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுகிறது. குளிரில் கை விறைத்துப்போச்சு என்று நினைத்தார்கள். மானியை வைத்தேன், 0.40ஐ ஒட்டி நின்றது.

பஸ்ஸில் ஒரு பையன் வாங்கி வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக உப்பியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். பந்துக்கும் அதுதான் நடந்தது. சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். வெளிக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. உள்ளே அடைத்த காற்று அப்படியே இருப்பதால் பந்து கல் மாதிரி ஆகிறது. வெளிக் காற்று லேசாக இருப்பதால் பறக்கும் பந்துக்குத் தடையும் குறைவு. கொஞ்சம் காற்றை இறக்கினோம், ஆட்டம் சரியானது. அந்த முகாமுக்கு வந்த ஒரு பெண் பிறகு பயிற்சியாளர் படிப்பின் நேர்முகத்தில், காற்றுத் தடை பற்றிக் கேட்டபோது இதையே சொன்னாள். தேர்வாளர்கள் குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு அவளைக் கால் மணி நேரம் பேசவிட்டார்களாம்.

குறிப்பு நோட்டு ஒன்று போதும். இடது பக்கம் படித்தது, வலது பக்கம் அன்றைக்குத் திடலில் பார்த்தது. வலது பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் காலைப் பயிற்சி முடிந்த கையோடு அரை மணி நேரம் திடலிலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனால் நடக்காது.

கடைசியாக ஒன்று, நெட்டில் தேறியவர்கள்கூட இதில் கோட்டைவிடுகிறார்கள். உடற்கல்வி இயக்குநர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு உடல்தகுதித் தேர்வு வைத்திருக்கிறது. 30 வயது வரையிலான ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர் ஓட வேண்டும், நடந்தும் முடிக்கலாம். 40 வயது வரை 1,500, 800. படிக்கிறேன் என்று ஒரு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது மூச்சு வாங்கும். 400 மீட்டர் ஓடுதளத்தில் ஆண்களுக்கு நாலரைச் சுற்று, ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி. முதல் சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி மூன்றாவதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சேலத்து வெயிலில் சாயங்காலம் நாலு மணிக்கு ஓடிப் பழகாதீர்கள், விடிகாலை காந்தி ஸ்டேடியத்துக்குப் போங்கள். வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாதம் ஓடினால் போதும். தேர்வுக்குப் புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள்.