பெயரில்லாக் கண்ணாடிக்கு ஊர் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் கனமான பழைய வண்ணக் கண்ணாடிப் பொருள் எதைக் கேட்டாலும் ‘பெல்ஜியம்’ என்பார்கள். வளைவு நெளிவு இருந்தால் இத்தாலியின் ‘முரானோ’. நிறத்தையும் வடிவத்தையும் எங்கும் நகலெடுக்கலாம். அதனால் முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள்.

ஊதிச் செய்யும் கண்ணாடியை வாய் திருத்தும்போது அடியில் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். அதை உடைத்தெடுத்த இடம் கரடான வடுவாகவோ, மெருகேற்றிய வட்டக் குழியாகவோ இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய வரம்பு ஓடினால் அச்சு வேலை. புழங்கிய தேய்மானம் தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், பல திசைக் கீறல்களாக இருக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் பழசாகக் காட்ட உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது அடர்த்தி. இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். பொருளின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பொருளைத் தூண்டில் நரம்பில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மில்லிலிட்டரில் அதன் கன அளவு. எடையை அதால் வகுங்கள்: 750 கிராமுக்கு 300 காட்டினால் 2.5, சாதாரண சோடாக் கண்ணாடி. 250 காட்டினால் 3.0, ஈயம் கலந்த கனமான கண்ணாடி, அதாவது ஈயக் கிரிஸ்டல். உள்ளே காற்று தங்கினால் கன அளவு கூடி, ஈயக் கண்ணாடியும் சோடா போலத் தெரியும்; சாய்த்து மூழ்கவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீரும் பாத்திரமும் சேர்ந்து தராசின் உச்ச எடையைத் தாண்டக் கூடாது.

முரானோவின் மரபு சோடாக் கண்ணாடி. பெல்ஜியத்தில் 1826-இல் தொடங்கிய வால் செயின்ட் லாம்பெர் தொழிற்சாலை புகழ்பெற்றது ஈயக் கிரிஸ்டலுக்கு. ஆக, ‘பெல்ஜியம் கிரிஸ்டல்’ என்று விற்பது 2.5 காட்டினால் அந்த விலை கொடுக்காதீர்கள். ஆனால் 2.5 மட்டும் வைத்து முரானோ என்று சொல்லிவிடவும் முடியாது; செக் நாட்டுப் பொஹீமியக் கண்ணாடியும் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் கண்ணாடியும் அதையொட்டியே வரும்.

இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் யுரேனியம் கலந்தது பளிச்சென்ற பச்சையில் ஒளிரும். மாங்கனீஸ் மங்கலான பச்சை. மலிவான 395 டார்ச்சின் ஊதா வெளிச்சமே கண்ணை ஏமாற்றும். யுரேனியக் கண்ணாடி இப்போதும் செய்கிறார்கள் என்பதால் ஒளிர்வது பழமைக்குச் சான்றல்ல.

சோதனைக்கு முன் போர் தண்ணீரின் வெள்ளைப் படிவை வினிகரில் ஊறவைத்து எடுங்கள். தங்கப்பூச்சு இருந்தால் அதுவும் வேண்டாம். ஊறியும் போகாத மங்கல் கண்ணாடியே அரித்தது. அதைக் குறையாகச் சொல்லி விலை பேசலாம்.